தலைவனை விட்டு விலகும் முறை

சோஹாரில் புது வேலை கிடைத்துவிட்டது. சேருவதற்கு ஐந்து வாரம்தான் இருந்தது, ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ராஜினாமாக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் மஸ்கட்டில் ரூவி ஆபீசுக்குப் போய், கொடுக்காமலே திரும்பிக்கொண்டிருந்தேன். பதினான்கு வருடமாக அங்கே கட்டட வரைபடம் போடுகிறவன் நான். இப்போதெல்லாம் விசா கொடுத்த முதலாளியான கஃபீல் நினைத்தாலும் தடுக்க முடியாது. ஆனால் என் கஃபீல், அந்த ஓமானிப் பெரியவர், மகள் பிறந்தபோது பேரீச்சம்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. கோழை என்றாள் மனைவி. சரியாகத்தான் சொன்னாள்.

அந்த வாரம் மகளுக்குப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட். ஐஸ்லாந்தில் அந்தக் காலத்தில் குடியேறிய நார்ஸ் மக்களை யார் ஆண்டார்கள் என்று எழுத வேண்டும்.

"அவங்களுக்கு கிங்கே கிடையாதுப்பா. சீஃப்ஸ்தான். ஃபார்மர்ஸ் பிடிச்ச சீஃபை சூஸ் பண்ணிக்கலாம். பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்."

"அவன் சும்மா விட்டுடுவானா?"

"அசெம்ப்ளில சாட்சி வச்சு, நேரா அவர்கிட்டயே சொல்லணும். அவ்ளோதான். சீஃபும் அதே மாதிரி ஃபார்மரை விட்டுடலாம்."

நிலம் வைத்திருந்தவனுக்குத்தான் அந்த உரிமை, கூலியாளுக்கு இல்லை என்று அவள் புத்தகத்தில் அடுத்த வரியில் இருந்தது. அதைப் பார்க்காதது போல இருந்துவிட்டேன். கோடாரியோடு திரிந்த தலைவனிடமே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், எனக்கு என்ன கேடு என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் காலை நேராக அவர் அறைக்குப் போனேன். சாட்சிக்கு, டீ வைத்துக்கொண்டிருந்த மலையாளி இருந்தார். எனக்குத் தெரிந்த இந்தியில், "பாபா, எனக்கு வேற வேலை கிடைச்சிருக்கு. நான் போறேன்" என்றேன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். என்னை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். கையெழுத்து மட்டும் இல்லை.

"வரைபட வேலையை நிறுத்தப் போறேன். நாலு மாசமா இது இங்கேயே கிடக்கு. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ நிம்மதிதான். அவர் உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தன் கடிதத்தை நாலாகக் கிழித்தார். என்னுடையதைக் கேட்டு வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

"கலாஸ், முடிஞ்சுது," என்றார். "இன்னைக்காவது தூங்குவேன்."