மண்டித் தராசில் ரஞ்சனி

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கும் எடை மிஷின் எத்தனை கிலோவரை காட்டும் என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? செஞ்சியில் பார்த்திபன் தன் மனைவியை அழைத்துப்போன இடத்தில் நூற்றிருபதோடு அது நின்றுவிட்டது. அதற்கு மேல் இருப்பவர்களுக்கு வைத்தியமே தேவைப்படாது என்று யார் முடிவு செய்தார்களோ.

பார்த்திபன் வேர்க்கடலை மண்டியில் எடை போடுபவன். கல்யாணமான புதிதில் அவனுக்கு முன்னால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சிவரை ஏறிய ரஞ்சனிக்கு இன்று பஸ் படி ஏற அவன் கை வேண்டும். முட்டி தேய்ந்து, சர்க்கரையும் வந்து, தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வந்தது. இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்குச் சென்னைக்குப் போகச் சொல்லி டாக்டர் கடிதம் கொடுத்தார். நாலு மாதம் தள்ளித் தேதியும் குறித்தார். எடை எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டார்.

"வாயக் கட்டுனா போதாதா?" என்றது தெரு. மூன்று மாதம் யோசித்தாள் ரஞ்சனி. அத்தனை நாளும் அவள் தின்ற இரண்டு சப்பாத்தியையே அவனும் தின்றான்.

"எனுக்கு இன்னாவாச்சும் ஆயிட்டா இன்னா மாமா பண்ணுவ?"

"வாசல்லயே குந்திக்கினு இருப்பேன். நீ வெளிய வந்து என்னத் திட்ற வரைக்கும்."

சிரித்துவிட்டாள். "சரி, போலாம்."

கடிதத்தில் காலியாக இருந்த எடையை நிரப்ப, சாப்பாட்டு வேளையில், ஆளிருக்காது என்று நம்பி, மண்டிக்கு அழைத்துப் போனான். செருப்பைக் கழற்றிவிட்டு மூட்டைத் தராசில் ஏறி நின்றாள்.

தராசில் எண் நின்றதும் உரக்கக் கூவுவது பதினெட்டு வருடப் பழக்கம். அப்போதுதான் உள்ளே இருக்கும் கணக்கர் எழுதுவார். பார்த்திபனின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நூத்தி நாப்பத்தாறு!"

"யாரு சரக்குப்பா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் கணக்கர் அரிகிருஷ்ணன்.

மூட்டைகளுக்குப் பின்னால் படுத்திருந்த சுமைக்காரன் ராஜாங்கம் தலையைத் தூக்கிப் பார்த்தான். கணக்கரின் கேள்விக்குச் சிரித்தவன், அவளைக் கண்ட பிறகும் நிறுத்தவில்லை.

ரஞ்சனி இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "ஊரு பேசுனப்பல்லாம் தாங்கிக்கினேன் மாமா. நீ கூவுன பாரு..."

சென்னைக்குப் போகவேண்டிய நாளில் அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் குந்தியிருந்தான்.

"பஸ்ஸு பூட்ச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"பூட்ச்சி."

கடிதம் இன்னும் அவன் பையில்தான் இருக்கிறது. இன்னொரு தேதி வாங்கலாம். ஆனால் இன்னொரு முறை எடை பார்க்க அவளை எங்கே கூப்பிடுவான்? நாளைக்கே உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த மிஷினைப் பாருங்கள். நூற்றிருபதோடு நின்றால், இருநூறுவரை காட்டும் மிஷின் ஒன்றைக் கேட்டு, அதைக் கதவுள்ள அறையில் வைக்கச் சொல்லி, அங்கேயே மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.