மச்சாளின் இடது கண்

அடையாள அட்டைக்குப் படம் எடுக்க நானும் மச்சாளும் களுவாஞ்சிக்குடிக்குப் போன அன்று, ஸ்டூடியோக்காரர் மூன்று தரம் கமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். “தங்கச்சி, இங்க பாருங்க.” மூன்றாம் தரம் மச்சாள் சொன்னாள்: “பாத்துக்கொண்டுதானே இருக்கன்.”

மச்சாள் என் மாமாவின் மகள். எனக்கு ஒத்த வயது. சின்ன வயதிலேயே அவளுடைய இடது கண் மூக்குப் பக்கம் சாய்ந்து நின்றது. வாக்குக்கண் வீட்டுக்கு அதிர்ஷ்டம், அதில் கைவைக்கக் கூடாது என்று மாமி சொல்லிவிட்டார். பாசத்தில்தான் சொன்னார். ஆனால் அவள் யாரைப் பார்க்கிறாள் என்று வகுப்பில் பந்தயம் பிடித்தவர்களுக்கு முன்னால் அந்த அதிர்ஷ்டத்தோடு உட்கார்ந்திருந்தவள் மச்சாள்தான். பேசும்போது முகத்தைத் திருப்பி, மயிரை அந்தக் கண்ணின் மேல் விழவிட அவள் பழகிக்கொண்டாள்.

முப்பது வயது கடந்து, நாவற்குடாவில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்தபோதுதான் என்னோடு மட்டக்களப்புக்குக் கண் வைத்தியரிடம் வந்தாள். வைத்தியர் வலது கண்ணை மூடிவிட்டுச் சுவரிலிருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். மச்சாள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு, “எல்லாம் புகை மாதிரி இருக்கு, டொக்டர்” என்றாள். அந்தக் கண்ணுக்குத் தெளிவான பார்வை இல்லை என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

இரண்டு கண்ணும் இரண்டு இடத்தைப் பார்த்தால் மூளை ஒரு படத்தைக் கைவிட்டுவிடும் என்று வைத்தியர் விளக்கினார். கைவிடப்பட்ட கண் பார்க்கப் பழகாமலே போய்விடுமாம். சிறு வயதில் கண்ணாடி போட்டு, தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணை மூடி வைத்திருந்தால் மற்றக் கண் வேலை செய்யப் பழகியிருக்கும். “இப்ப தசையைச் சரிப்படுத்திக் கண்ணை நேராக்கலாம். பார்வையைத் திருப்பித் தர ஏலாது.”

சத்திரசிகிச்சை நடந்தது. கண் நேரானது. மச்சாள் மயிரைப் பின்னால் இழுத்துக் கட்டினாள். மாமியிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

போன வருடம் அவளுடைய வகுப்புக்கு நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று அதே மாதிரிக் கண்ணோடு வந்தது. “அது அதிர்ஷ்டம் டீச்சர், வளர வளரச் சரியாயிரும்” என்றாள் தாய். மச்சாள் வாதாடவில்லை. பிள்ளையை மடியில் வைத்து, சாய்ந்த கண்ணைக் கையால் பொத்தினாள். பிள்ளை பொம்மையோடு விளையாடிக்கொண்டே இருந்தது. நல்ல கண்ணைப் பொத்தினாள். பிள்ளை கையைத் தட்டிவிட்டு அழுதது. இன்னொரு தரம் பொத்தினாள், மறுபடியும் அழுகை.

“பாத்தீங்களா? மற்றக் கண்ணால அவளுக்கு ஒண்டும் தெரியுதில்ல. நானும் இப்படித்தான் அழுதிருப்பன். ஒருத்தரும் பொத்திப் பாக்கல்ல.”

அடுத்த கிழமையே தாய் பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுபோனாள். கண்ணாடி கிடைத்தது, நல்ல கண்ணில் ஒட்டி மூட ஒரு ஒட்டும் கிடைத்தது. பிள்ளை ஒட்டைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தது. மச்சாள் வகுப்பிலிருந்த எல்லாப் பொம்மைகளுக்கும் ஒரு கண்ணில் பிளாஸ்டர் ஒட்டிவைத்தாள். அதற்குப் பிறகு பிள்ளை பிய்க்கவில்லை.

போன மாதம் பிள்ளைகளை வாவிக்கரைக்குக் கூட்டிப்போனபோது நானும் போயிருந்தேன். நல்ல கண்ணில் ஒட்டோடு நின்ற அந்தப் பிள்ளை தூரத்தில் கையை நீட்டியது. “டீச்சர், அந்தத் தோணில ரெண்டு பேர்!”

மச்சாள் அங்கே பார்த்தாள். பிள்ளையின் பக்கத்தில் குந்தினாள்.

“ஓம் மகள்,” என்றாள். “ரெண்டு பேர்தான்.”