காதோரத்து மருந்து

அப்பா ஞானஸ்நானம் எடுக்கப் போகிறார் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம். தண்ணீருக்குள் முங்கினால் அப்பா வெடித்துவிடுவார் என்று நான் உறுதியாக நம்பினேன்.

இதில் என் தப்பு அதிகமில்லை. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் ரூமில் அப்பாவுக்கு வேலை. அலுமினியப் பவுடர் நகக்கண்ணிலும் காது மடிப்பிலும் ஏறி, மனிதர் எந்நேரமும் லேசாக மின்னிக்கொண்டிருப்பார். கலந்த மருந்தில் தண்ணீர் பட்டால் தானாகச் சூடேறி வெடித்துவிடும் என்று அவரேதான் சொல்லியிருந்தார். மழை தூறினால் கலவையை நிறுத்திவிடுவார்களாம். தினமும் குளிக்கிறவர்தானே என்று கேட்காதீர்கள். சொம்பால் ஊற்றிக் குளிப்பது வேறு, தலையோடு முங்குவது வேறு என்பது என் மூன்றாம் வகுப்புக் கணக்கு.

போதாக்குறைக்கு பாஸ்டர் வேறு பயமுறுத்தினார். முந்தின வாரம் வீட்டுக்கு வந்தவர், காபியை ஆற்றியபடி அப்பாவுக்கு விளக்கினார்.

"தண்ணிக்குள்ள முங்குறது, இயேசுவோட சேந்து செத்து அடக்கமாகுறது. எந்திரிச்சு வர்றது புது மனுஷன்."

அப்பா குனிந்தபடி கேட்டார். "அம்புட்டையும் அங்கனயே விட்டுட்டு வந்துரலாமா பாஸ்டர்?"

"வெறும் தண்ணி எதையும் கழுவிராது. ஆண்டவர் மன்னிச்சிட்டாருன்னு நம்பித்தான் இறங்குறீக. கரையேறுன பொறகு மன்னிப்பு வாங்குனவனா நடக்கணும். அதுதான் கஷ்டம்."

எனக்கு அதிலெல்லாம் அக்கறையில்லை. அடக்கம் என்றால் என்னவென்று தெரியும். முந்தின வருஷம்தான் மாமாவை அடக்கம் செய்திருந்தார்கள். அம்மாவின் தம்பி, அப்பாவோடு அதே கம்பெனியில் வேலை பார்த்தவர். எனக்குக் காய்ச்சல் என்று அப்பா லீவு போட்டு, சிவகாசி ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போன நாளில், அவருக்குப் பதிலாக மாமா கலவை ரூமுக்குப் போனார். திரும்பி வரவில்லை. அதன்பிறகு ஆமத்தூரில் மாமாவின் மனைவியான அத்தையின் வீட்டு வாசலை அப்பா மிதிக்கவே இல்லை. அம்மாவை பைக்கில் கொண்டுபோய்த் தெருமுனையில் இறக்கிவிட்டு, அப்படியே திரும்பிவிடுவார்.

ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவைப் பிடித்து உட்காரவைத்து, எண்ணெய் போட்டுத் தேங்காய் நாரால் இரண்டு கைகளையும் தேய்த்தேன். "தோலு உரியுது தாயி" என்றாரே தவிர, கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை, ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தின் பம்புசெட் தொட்டியில் ஏற்பாடு. தோட்டக்காரர் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, தானே மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிக் கொடுத்தார். கரையில் சபையார் பாட, அப்பா புது வெள்ளை வேட்டியோடு உள்ளே இறங்கினார். பாஸ்டர் அவர் தோளில் கை வைத்தார். அப்போதுதான் வெயிலில் அப்பாவின் காதுக்குப் பின்னால் ஏதோ மின்னியது.

"பாஸ்டர், முக்கிறாதீக! அப்பா காதுல மருந்து இருக்கு!"

பாட்டு நின்றது. கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள். இரண்டு பேர் நிஜமாகவே ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். பிறகுதான் சிரிப்பு கிளம்பியது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தொட்டியின் ஓரத்துக்கு வந்து தலையைக் குனிந்து காதைக் காட்டினார். பாவாடை நுனியால் அழுத்தித் துடைத்தேன்.

"இப்பப் போகட்டுமா தாயி?"

தலையாட்டினேன். அவர் முங்கினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். மூன்று எண்ணுவதற்குள் எழுந்துவிட்டார், வெடிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். மூக்கில் தண்ணீர் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா நீட்டிய துண்டை அவர் வாங்கவில்லை. எங்களை பைக்கில் ஏற்றிக்கொண்டு நேரே ஆமத்தூருக்கு விட்டார். தெருமுனையில் வண்டி நிற்கவில்லை.

அத்தை கதவைத் திறந்தாள். அப்பா ஈர வேட்டியோடு வாசலிலேயே நின்றார்.

"அன்னைக்கு நான் போயிருக்கணும்மா. இம்புட்டு நாளா உன் முகத்துல முழிக்கத் தைரியம் இல்ல."

அத்தை உள்ளே போனாள். அப்பா தலைகுனிந்து நின்றார். திரும்பி வந்தவள் கையில் துண்டு இருந்தது.

"தலையத் துவட்டுங்கண்ணே. சாப்பிட்டீகளா?"

அப்பா துண்டை வாங்கித் தலையைத் துவட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் காதைத் தொடைச்சு விட்டேன் அத்தை. இல்லைன்னா அப்பா வெடிச்சிருப்பாரு."

அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். அப்பாவும் அழுதார். ஆள் பிழைத்து வந்த நல்ல சேதியைச் சொன்னதற்கு இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் தண்ணீருக்குள் செத்துவிடக் கூடாதே என்று நான் அத்தனை பாடுபட்டிருந்தேன். சாகத்தான் அவர் இறங்கினார் என்பதும், அத்தை வீட்டு வாசலில்தான் கரையேறினார் என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.