ஏரிக்கரைக்குச் சவரம்

மலையே இல்லாத ஊரில் மண்சரிவைக் கணக்குப் போட்டவன் நான். எழுபதுகளின் தொடக்கத்தில், பொன்னேரிப் பக்கம் ஏரிகளைப் பராமரிக்கும் ஓர் அரசு அலுவலகத்தில் இளம் பொறியாளராக இருந்தேன். எங்களுக்கு மலை என்றால் ஏரிக்கரைதான். நான் பார்த்துக்கொண்ட ஏரியில், கரையின் வெளிச்சரிவுக்கு அடியில் ஏழெட்டு மண் வீடுகள். மழையில் மேல்மண் ஒரு முழ ஆழம் வழுக்கி இறங்கினாலும் நேராக அவர்கள் அடுப்படியில்தான் போய் நிற்கும்.

கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி வரைபடத் தாளில் சரிவை வரைந்து, ஸ்லைட் ரூல் என்ற கணக்குச் சட்டத்தைத் தள்ளித் தள்ளிக் கணக்குப் போட்டேன். சூத்திரத்தில் மண்ணின் எடைக்கு ஓர் எழுத்து, ஈரத்துக்கு ஓர் எழுத்து, சாய்வுக்கு ஓர் எழுத்து இருந்தது. புல்லுக்கு எழுத்தே இல்லை. கணக்குப்படி அந்தக் கரை போன வருஷ மழையிலேயே சரிந்திருக்க வேண்டும். அதுபாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. படித்தவனை மதிக்காத கரை என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

சந்தேகம் தீர, பழைய மரப்பெட்டிகள் இரண்டில் கரை மண்ணைச் சாய்வாகக் கொட்டினேன். ஒன்றில் அருகம்புல் வளர்த்தேன். மற்றதை மொட்டையாக விட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பூவாளியால் தண்ணீர் ஊற்றியபோது, மொட்டைச் சரிவு ஐந்தாவது பூவாளியிலேயே தொபுக்கென்று இறங்கியது. புல் முளைத்த சரிவு கை வலிக்க ஊற்றியும் அசையவில்லை. வேர்கள் மண்ணைத் தைத்து வைத்திருந்தன.

இந்த ஞானம் பிறந்த வாரம்தான், பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று கடிதம் வந்தது. எங்கள் இலாகாவில் பார்வையிடலுக்கு ஒரே சடங்கு: கரையைப் புல் இல்லாமல் வேரோடு செதுக்கி, எல்லைக்கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பது. கரை தாங்குமா என்று யாரும் கேட்டதில்லை. பளிச்சென்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். எங்கள் ஏரியை அதுவரை எந்த அதிகாரியும் எட்டிப் பார்த்ததில்லை. அதனால்தான் அது பிழைத்துக் கிடந்தது.

என் மேலதிகாரியிடம் பெட்டிகளைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான்யா இருக்கு. ஆனா பொட்டியில வளர்ற புல்லு வேற, கவர்மென்ட் புல்லு வேற. வர்றவர் உன் பொட்டியையா பாக்கப்போறார்? செதுக்கச் சொல்லு."

வேலை நிரந்தரமாகாத காலம். "சரிங்க சார்" என்றேன்.

செதுக்க வந்தவர்களில் கரையடி வீட்டுக்காரி ஒருத்தி. எருமைக்குத் தினமும் அங்கேதான் புல் அறுப்பாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்:

"இன்னா சார், வேரோட செதுக்கச் சொல்ற? நாங்க மேலாகத்தான் அறுப்போம். வேரு போச்சுன்னா மண்ணு எங்க ஊட்டு மேலதான வரும்?"

பெட்டியும் பூவாளியும் இல்லாமலே எனக்கு முன்னால் என் முடிவுக்கு வந்து சேர்ந்திருந்தாள். "மேலேருந்து ஆர்டர்மா" என்றேன். அவள் குனிந்து செதுக்க ஆரம்பித்தாள்.

புரட்டாசிக் கடைசியில் அதிகாரி வந்தார். ஜீப்பிலிருந்து இறங்காமலே கரையைப் பார்த்து "வெரி நீட்" என்றார். இளநீர் குடித்தார், போனார். மேலதிகாரி பூரித்துப்போனார். நானும்தான் பூரித்தேன், அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம் கரை சரிந்தது. அவள் வீட்டுப் பின்சுவர் விழுந்து, அங்கே கட்டியிருந்த எருமை மண்ணுக்குள் போய்விட்டது. ஆட்களெல்லாம் நடவுக்குப் போயிருந்ததால் தப்பித்தார்கள்.

அறிக்கையில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. "எதிர்பாராத கனமழை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அனுப்புவதற்கு முன் இடத்தை அளந்து எழுத, மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கூடையில் மண் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார் எழுதிக்கினு போற?"

"மழையாலதான் சரிஞ்சுதுன்னு."

"மழ வருசா வருசம் வருது சார்," என்றாள். "செதுக்கச் சொன்னது இந்த வருசந்தான்."

அறிக்கை என் கையில்தான் இருந்தது. அந்த இரண்டு வார்த்தைகளை அடித்துத் திருத்த அரை நிமிஷம் போதும். நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.