ராத்தா சொன்ன விலை

தில்லையடியில் எங்கள் மூத்த சகோதரி ராத்தாவின் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. மற்ற வீடுகளில் அப்படிப்பட்ட அலுமாரிக்குள் விருந்தாளிகளுக்கான பீங்கான் கோப்பைகள்தான் இருக்கும். ராத்தா கோப்பைகளைக் குசினிக்கு அனுப்பிவிட்டு, அதில் கேம் சீடிகளை நீல உறைகளோடு நிமிர்த்தி அடுக்கியிருந்தார். ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், கட்டாரில் வேலைத்தளத்தில் விழுந்து, முதுகில் அடிபட்டுத் திரும்பி வந்த வருடம் அது. இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கென்று மச்சான் கொண்டுவந்த கேம் மெஷினைப் பார்க்க அயல் வீட்டுப் பிள்ளைகள் வாசல்வரை நிற்பதைக் கண்ட ராத்தா, தன் காப்பை விற்று இரண்டாவது மெஷினும் ஒரு பழைய டிவியும் வாங்கினார். அப்படித்தான் கடை தொடங்கியது.

ஆரம்பத்தில் ஊர் அதை விரும்பவில்லை. பிள்ளைகளைக் கெடுக்கிற இடம் என்று சிலர் மச்சானிடமே வந்து சொன்னார்கள். ராத்தா அவர்களோடு வாதாடப் போகவில்லை. பள்ளிக்கூட நேரத்தில் கதவு திறக்காது, பாங்கு சொன்னால் மெஷின் அணையும், கெட்ட வார்த்தை பேசினால் ஒரு வாரத்துக்கு இடமில்லை என்று அறிவித்துவிட்டு, அறிவித்தபடியே நடந்தார். அத்தோடு தானே விளையாடவும் கற்றுக்கொண்டார். காற்பந்து கேமில் அவரை வெல்லக்கூடியவர்கள் அந்த வட்டாரத்தில் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் மூன்றாவது கோலையும் அடிப்பார். தான் விற்கிற சாமானை உள்ளும் புறமும் அறிந்த வியாபாரி அவர். நான் புத்தளம் நகரத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அப்படிப்பட்ட வியாபாரிகளை அதிகம் கண்டதில்லை.

கடையின் முக்கியமான வாடிக்கையாளர் கண்டக்குழிக் கரையில் படகு வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிட்ட ஒரு மீனவர். நாற்பதைக் கடந்தவர். காற்றுக் காலத்தில் கடல் விடாது. படகைக் கரையேற்றிவிட்டு பஸ் ஏறி வந்து, அந்த வருடத்துப் புதுக் காற்பந்து கேமை முழு விலை கொடுத்து வாங்கிப் போவார். அலுத்ததும் திருப்பிக் கொண்டுவருவார். ராத்தா பாதி விலைக்குக் கொஞ்சம் கூடவே கொடுத்து எடுப்பார். பிறகு அதே சீடி எத்தாளையில் ஒரு வீட்டுக்குப் போகும், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு, கடைசியில் முன்னறையில் வாடகைக்கு ஓடும். உறையில் எழுதியிருந்த விலை பெரிதுதான். ஆனால் அதை ஐந்தாறு பேர் சேர்ந்து சுமந்தார்கள்.

பிறகுதான் ரூபாய் சரிந்தது. சமையல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாங்கள் வரிசையில் நின்ற அந்த வருடத்தில் கேமின் விலையும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அது போதாதென்று, வெளிநாட்டுக் கம்பனிகள் டொலரிலும் விலையைக் கூட்டின. இது நியாயமா என்று நானா ஒரு நாள் பின்னேரம் கடையில் வைத்து என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த விடயம் என்பதால் நான் உற்சாகமாக விளக்கினேன். இருபது வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் ஒரு கேம் என்ன விலைக்கு விற்றது என்பதை எடுத்து, அதற்குப் பின் பணத்தின் பெறுமதி குறைந்ததையும் சேர்த்துப் பார்த்தால், இன்றைய விலை உண்மையில் ஏறவே இல்லை என்றேன். அன்று ஒரு சிறு குழு செய்த வேலையை இன்று நூற்றுக்கணக்கானவர்கள் வருடக்கணக்காகச் செய்கிறார்கள், அவர்களுக்கும் வீட்டு வாடகை ஏறுகிறது என்றேன். நானா மறுத்துப் பேசவில்லை. மண்ணெண்ணெய் ஏறிய நேரம் தானும் மீனுக்கு விலையைக் கூட்டிச் சொன்னதாகவும், செலவுக் கணக்குச் சரியாகத்தான் இருந்ததென்றும், வாங்கத்தான் ஆள் வரவில்லையென்றும் சொன்னார். ராத்தா ஒரு கன்ட்ரோலரைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, உன்ட கணக்குல பிழை இல்ல" என்றார். "ஆனா அதுல டொலர்ல சம்பளம் எடுக்கிற ஒருத்தன் இரிக்கான். நம்ம ஆள் ஒருத்தரும் அதுக்குள்ள இல்ல."

அடுத்த வருடம் கொழும்பு மொத்த வியாபாரியிடமிருந்து செய்தி வந்தது. இனிமேல் காற்பந்து கேம் சீடியில் வராது. ரீலோட் கார்ட் போல ஒரு அட்டை வரும், சுரண்டி எண்ணைப் போட்டு இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். போடுகிறவரின் கணக்கோடு அது ஒட்டிக்கொள்ளும், வேறு யாருக்கும் கைமாறாது. விலை முன்னையதை விடக் கூட. கண்டக்குழியில் சிக்னல் எப்படி என்று நானாவுக்குத் தெரியும். ஒரு கேமை இறக்க அவருக்கு ஒரு மாத டேட்டா போதாது. ராத்தாவின் கடையோ கைமாறுவதில்தான் நின்றது. மகள் அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், மச்சானின் மருந்துச் செலவும் நிற்கவில்லை. கடை விழுந்தால் வீடும் விழும். நேரில் போய்க் கதைக்கப் போகிறேன் என்று ராத்தா சொன்னார். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

அந்த வியாபாரி நல்ல மனிதர். தேநீர் வரவழைத்து, பணவீக்கத்தில் எல்லாமே ஏறிவிட்டது, இது மட்டும் ஏறாமல் இருக்குமா என்று கேட்டார். நான் என்னையறியாமல் தலையாட்டினேன். ராத்தா கோப்பையைத் தொடாமலே பேசினார்.

"விலை கூடினத நான் பிழையெண்டு சொல்லல்ல முதலாளி. செய்யிறவங்களும் சாப்பிடணும். முந்தி இந்தக் காசுக்கு நான் ஒரு சாமான் வாங்கினன். விளையாடலாம், விக்கலாம், இரவல் குடுக்கலாம். இப்ப கூடக் காசு கேக்குறீங்க, விளையாட மட்டும் விடுறீங்க. பெட்டி இல்ல, சீடி இல்ல, கப்பல் கூலி இல்ல. மிச்சமான காசு எந்தப் பக்கம் போச்சி?"

தீர்மானம் தன் கையில் இல்லை என்றார் வியாபாரி, அதுவும் உண்மைதான். இருபது அட்டை ஒன்றாக எடுத்தால் விலையில் கழிவு தருவதாகச் சொன்னார். எடுத்துவிடுங்கள் என்று நான் ராத்தாவின் காதில் சொன்னேன். ராத்தாவின் கண் அறையின் மூலையில் இருந்தது. அங்கே போன வருடத்தினதும் அதற்கு முந்திய வருடங்களினதுமான பழைய சீடிகள் பெட்டி பெட்டியாகத் தூசி பிடித்துக் கிடந்தன. கொண்டுவந்த காசு முழுவதற்கும் அவற்றைக் கேட்டார். வியாபாரி சிரித்துக்கொண்டே கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் நான் சிலாபம் தாண்டும்வரை ராத்தாவோடு கதைக்கவில்லை. அவர் ஜன்னலோரம் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினார்.

முதல் இரண்டு மாதம் நான் பயந்ததுதான் நடந்தது. நகரத்தில் புதிதாகத் திறந்த ஒரு கடையில் அந்த வருடத்துக் கேம் இருந்தது, முன்னறையில் பாதிக் கதிரைகள் காலியாகின. ராத்தாவின் முகம் வாடியதை அப்போது மட்டும்தான் கண்டேன். ஆனால் அவர் பின்வாங்கவில்லை. பழைய கேமிலேயே ஒரு போட்டித் தொடர் வைத்தார். கண்டக்குழி ஒரு அணி, எத்தாளை ஒரு அணி, தில்லையடி ஒரு அணி. நானா தன் அணியில் மூன்று மீனவர்களையும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரையும் சேர்த்து வந்தார். எல்லாருக்கும் ஒரே கேம், வீட்டில் பயிற்சி எடுக்க மலிவான சீடி. போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் வரவே இல்லை. கடை சிறுத்தது, ஆனால் விழவில்லை. மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம்.

என் கணக்கை நான் கைவிடவில்லை. பணவீக்கம் விலையேற்றத்தின் ஒரு பங்குக்கு உண்மையான காரணம் என்றே இன்றும் சொல்வேன். அதைக் கேட்டதும் தலையாட்டுவதை மட்டும் விட்டுவிட்டேன். விலை ஏறியதா என்று பார்ப்பதோடு, கைக்கு வருகிற பொருள் அதே பொருள்தானா என்றும், யாருடைய வருமானத்தை வைத்து அது நியாயம் என்கிறார்கள் என்றும் பார்க்கிறேன். அலுவலகத்தில் கடன் கேட்டு வருகிறவர்களிடமும் இப்போது அப்படித்தான் கேள்வி கேட்கிறேன்.

போன மாதம் நான் கடையில் இருந்தபோது கொழும்பிலிருந்து அதே வியாபாரி அழைத்தார். சீடி கேட்டு நாடெங்கிலும் இருந்து ஆட்கள் வருகிறார்களாம், அவரிடம் ஒன்றும் மிச்சமில்லையாம். ராத்தாவிடம் இருப்பதைத் திருப்பி வாங்கத் தயார் என்றார். வாடகைக்கு ஓடுகிறவற்றைக் கொடுக்க மாட்டேன், மேலதிகமாக இருப்பதைத் தரலாம் என்று ராத்தா ஒரு விலை சொன்னார். நானே நிமிர்ந்து பார்த்தேன். தன்னிடம் எடுத்த விலை எங்கே, இது எங்கே, என்ன நியாயம் என்று அவர் கேட்டது ஃபோனுக்கு வெளியேயும் கேட்டது.

"எனக்கு ஒரு செலவும் கூடல்ல முதலாளி" என்றார் ராத்தா. "பணவீக்கமெண்டு பொய் சொல்ல மாட்டன். கேக்குற ஆள் கூடிட்டாங்க, சாமான் என்ட கையில இரிக்கி. அதான் விலை. ஏலாட்டி விட்டுடுங்க."

எத்தனை சீடி தர முடியும் என்று வியாபாரி கேட்டார்.