பாதிப் பள்ளம்

எங்கள் பேரூராட்சியில் சாலைகளைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் அவர். ஒல்லியான உடம்பு, காதில் செருகிய பேனா. யார் எந்தக் குறையைச் சொன்னாலும் முதலில் டேப்பை எடுத்து அளப்பார்.

எங்கள் தெரு திருத்தணி சாலையில் சேரும் இடத்தில் ஒரு பெரிய பள்ளம். என் மனைவி ஸ்கூட்டரோடு அதில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மனு கொடுத்தேன். அவர் வந்து அளந்தார், எழுதிக்கொண்டார், போய்விட்டார். இப்படியே நான்கு முறை நடந்தது.

ஐந்தாம் முறை அவர் டேப்பை எடுத்ததும் கத்திவிட்டேன். "அடுத்த வாரம் ஆடிக் கிருத்திகை. ஜனங்க காவடி எடுத்துக்கினு வெறுங்காலோட வருவாங்க. இன்னும் எத்தினி தபா சார் அளப்பீங்க?"

"பள்ளத்துல பாதிதாங்க எங்களுது. மீதி நெடுஞ்சாலைக்காரங்களுது" என்றார் நிதானமாக. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தனியாளாக வந்து, ஜல்லியும் மண்ணும் கொட்டி, சரியாகப் பாதிப் பள்ளத்தை மட்டும் மூடினார்.

"மீதியையும் மூடினா என்ன கொறஞ்சிடும்?"

"அந்தாண்ட நான் கை வெச்சா மெமோ வரும் சார். ஜல்லி மிச்சம் கீது, மம்மட்டியும் கீது. நான் எதையும் பாக்கல" என்று சொல்லி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபாதியில் நானே அள்ளிப் போட்டேன்.

"தண்ணி தெளிச்சு நல்லா மிதிங்க சார், இல்லனா மழைக்குப் போயிடும்" என்றார், திரும்பாமலே.

காவடிகள் நல்லபடியாகக் கடந்து போயின. அவரை இன்னும் திட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் விடுமுறை நாளில் வந்து நின்ற அந்த முதுகை நினைத்தால் வாய் வருவதில்லை.