நான் இழுத்த தோள்

எனக்கு எழுபத்தி மூணு வயசு. ஆறு பேரை வளர்த்தேன். நாலு நான் பெத்தது, ரெண்டு என் தங்கச்சி விட்டுட்டுப் போனது. ஆறும் திருவொற்றியூர்ல இதே தெருவுலதான் ஆளாச்சு.

நான் காலால பிறந்தவ. தலைக்கு முன்னாடி கால் வெளியே வந்துச்சாம். அப்படிப் பிறந்தவங்க தொட்டா சுளுக்கு விட்டுடும்னு எங்க பக்கம் நம்பிக்கை. இடுப்புப் பிடிப்புன்னு வந்து குப்புறப் படுப்பாங்க, மூணு உதை உதைப்பேன். கணுக்கால்னா எண்ணெய் போட்டு நீவி இழுப்பேன். ஹார்பர்ல வேலை செய்யறவங்க எத்தனையோ பேர் என்கிட்ட உதை வாங்கினவங்க.

என் கடைசி மகன் ஹார்பர்ல கண்டெய்னரைக் கம்பி போட்டுக் கட்டறவன். போன வருஷம் ஏணியில கால் வழுக்கி ஒத்தக் கையில தொங்கிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகாம நேரா என்கிட்ட வந்தான், வலது கையை இடது கையால தாங்கிக்கினு. தோள் உருண்டை காணோம், சப்பையா இருந்துச்சு. அதைப் பார்த்தும் சுளுக்குன்னு முடிவு பண்ணி, எண்ணெய் போட்டு ரெண்டு தரம் இழுத்தேன். ரெண்டாவது தரம் அவன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. தோளு மரத்துப்போச்சுன்னான். முன்னாடியே மரத்திருந்துச்சான்னு நான் கேட்டிருக்கவே இல்லை.

அப்புறந்தான் ஆட்டோ பிடிச்சோம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுல ஆட்டோ நின்னுடுச்சு, கூட்ஸ் வண்டி போய்க்கினே இருந்துச்சு. நீ இழுத்ததைச் சொல்லாதம்மா, தெருவுல உன் பேரு கெட்டுடும்னு அவன்தான் சொன்னான். நானும் சரின்னுட்டேன்.

அவசரப் பிரிவுல இருந்த டாக்டரம்மாவுக்கு என் பெரிய பேத்தி வயசு இருக்கும். மணிக்கட்டுல நாடி பார்த்தாங்க, விரலை மடக்கச் சொன்னாங்க. தோளோட வெளிப்பக்கம் பஞ்சால தடவித் தெரியுதான்னு கேட்டாங்க. சரியா தெரியலன்னான்.

"யாராச்சும் இழுத்தாங்களா?"

"இல்ல மேடம்," அப்படின்னான் மகன்.

அவங்க அதை எழுதப் போனாங்க. இவனுக்கு அந்தக் கை போனா கட்டற வேலையும் போச்சு.

"நான்தான் இழுத்தேன்," அப்படின்னேன். "ரெண்டு தரம். நல்லா பலமா."

நர்ஸுங்க திரும்பிப் பார்த்தாங்க. டாக்டரம்மா திட்டலை. எந்தப் பக்கமா இழுத்தேன்னு கேட்டு எழுதிக்கினாங்க. "சொன்னது நல்லதாச்சு ஆயா. மூட்டு கழண்டிருக்கு. எலும்பும் விரிசல் விட்டிருக்கலாம். எக்ஸ்ரே படம் பார்க்காம நான் கை வைக்க மாட்டேன்."

படத்துல எலும்பு விரிசல் விடலை. வலிக்கு ஊசி போட்டாங்க. முழங்கையை மடக்கி அவன் விலாவோட ஒட்டி வெச்சு, மணிக்கட்டைப் பிடிச்சு, கதவு திறக்கற மாதிரி மெதுவா வெளிப்பக்கம் திருப்பினாங்க. வலிக்குதுன்னா அப்படியே நிறுத்தி, விடாம பிடிச்சுக்கினு காத்திருந்தாங்க. கண்டெய்னரை எப்படிக் கட்டுவீங்கன்னு கேட்டாங்க. இவன் விளக்கிக்கினு இருக்கும்போதே தோள் உருண்டை டொக்குன்னு உள்ள போயிடுச்சு. ஒரு இழுப்பு இல்லை. நான் அவங்க கையையேதான் பார்த்துக்கினு இருந்தேன்.

மறுபடியும் பஞ்சால தடவினாங்க, இன்னொரு படம் எடுத்தாங்க, கையைத் துணித் தொட்டில்ல தொங்கவிட்டுக் கட்டினாங்க. மரப்பு போக ரெண்டு மாசம் ஆச்சு. விழுந்ததுல வந்ததா, நான் இழுத்ததுல வந்ததான்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க. இப்போ பழைய வேலைக்கே போறான்.

இடுப்பு, கணுக்காலுக்கு இன்னும் என்கிட்டதான் வராங்க. தோள் உருண்டை காணலைன்னா மட்டும் நான் தொடறதில்ல. துண்டால கையைத் தாங்கக் கட்டி ஆட்டோ ஏத்திடுவேன். காலால பிறந்தவளே அனுப்பறாளேன்னு மறுபேச்சு பேசாம போறாங்க.

இந்தா கண்ணு, நான் எழுதினதைப் படிச்சுக் காட்டு. சொல்லாதம்மான்னு அன்னைக்குத் தடுத்த உங்கப்பன் சாப்பிட்டு வரட்டும், அவன் எதிர்லயே படி. நான்தான் இழுத்தேன்னு வர இடத்தை முழுங்காம படி.